தராசு அறையில் ஏழு கூறு

காலை 11.20.

பெரியவர் மேஜை மேல் தலை சாய்த்துத் தூங்குகிறார் என்றுதான் துப்புரவு அம்மாள் முதலில் நினைத்தார். காலி டம்ளரை எடுக்கக் கை நீட்டியபோதுதான் உறைத்தது: முப்பது வருஷத்தில் இந்த மனிதர் ஆபீசில் ஒரு தடவைகூடக் கண் அசந்ததில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அதற்கப்புறம் அம்மாள் போட்ட அலறலில் மூன்றாவது அறையிலிருந்து ரேடியோ ஓடி வந்தார். நாலாவது அறையிலிருந்து ஊமைக்கோட்டான் நடந்து வந்தார்.

ஓடி வந்தவர் கதறினார். நடந்து வந்தவர் பெரியவரின் கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ‘11.22’ என்று எழுதினார். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் தராசு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

அட பாவி மனுஷா, அந்த நேரம் பார்த்தா உள்ளே போக வேண்டும்? பின்னால் அந்த ஐந்து நிமிஷமும் அவருக்கு எதிராகத் திரும்பியது.

இவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். அது ஊருக்கே குடிநீர் சோதிக்கும் பரிசோதனைக்கூடம். தொட்டிகளிலும் குழாய்களிலும் தண்ணீர் பிடித்துவரப் போகிறவர்கள் விடிந்ததும் கிளம்பினால் மதியம் தாண்டித்தான் திரும்புவார்கள். காலையில் கட்டடத்தில் இருப்பது நாலே பேர். கூடத்தின் தலைவர், அவரைத்தான் எல்லாரும் பெரியவர் என்பார்கள். தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பவர் ரேடியோ. வாய் ஓயாததால் அந்தப் பெயர், ஆள் நல்ல ஆகிருதி, சிரித்தால் ஜன்னல் அதிரும். தண்ணீரில் கலந்திருக்கும் உப்பையும் உலோகத்தையும் அளப்பவர் ஊமைக்கோட்டான்; ஒடிசலான மனிதர், வயது நாற்பதுக்குள். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்று வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். நாலாவது ஆள், பெருக்கித் துடைத்து டீயும் போட்டுத் தரும் அம்மாள். வாசல் கதவு பூட்டிக் கிடந்தது. வெளியாள் யாரும் வரவில்லை.

11.50.

போலீஸ் மருத்துவர் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

“சயனைடு. டீயில கலந்திருக்கு. குடிச்ச கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருக்கும்.”

சயனைடுக்கு ஊர் சுற்ற வேண்டியதில்லை. சோதனைக்கென்று கூடத்திலேயே ஒரு புட்டி உண்டு. அது இருப்பது தராசு அறையின் மூலையில், பூட்டிய இரும்பு அலமாரியில். அந்த அலமாரிக்குச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று பெரியவரின் இடுப்பு வாரில் இருந்தது. இன்னொன்று ஊமைக்கோட்டானின் சாவிக்கொத்தில்.

மருத்துவரோடு வந்த எஸ்.ஐ.க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வெண்ணெய் திரண்டு வந்துவிட்டது, எடுத்துத் தின்ன வேண்டியதுதான் பாக்கி.

12.05.

“நேத்து சாயங்காலம் பெரியவரோட சண்டை போட்டீங்களா?” என்றார் எஸ்.ஐ.

“ஆமா.”

“எதுக்கு?”

“தராசு அறைத் தரை சரியில்லை.”

“தரையாவது கூரையாவது! ‘நீங்க இருக்கிற வரைக்கும் இது மாறாது’ன்னு அவர்கிட்ட சொன்னீங்களா, இல்லையா? சுவர் தாண்டிக் கேட்டிருக்கு.”

“சொன்னேன்.”

“அவர் செத்துத் தொலைஞ்சாத் தேவலைன்னு எப்பவாவது நெனச்சிருக்கீங்களா?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாராக இருந்தாலும் ‘ஐயையோ’ என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். ஊமைக்கோட்டான் அரை நிமிஷம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“ஒரு தடவை. மூணு வருஷத்துக்கு முன்னாடி. செவ்வாய்க்கிழமை.”

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். “இன்னிக்கு அந்த அலமாரியத் திறந்தீங்களா?”

“இல்லை.”

“அப்ப யார் திறந்தது?”

ஊமைக்கோட்டான் சட்டைப் பையிலிருந்த நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“யார் மேலயாவது சந்தேகமா?”

“சந்தேகத்தைச் சொல்லக் கூடாது. அளந்ததைத்தான் சொல்லணும்” என்றார் ஊமைக்கோட்டான். பிறகு நோட்டை மடியில் வைத்து எதையோ எழுத ஆரம்பித்தார். எழுதுவது, அடிப்பது, மறுபடி எழுதுவது.

நாலு மணிக்கு வண்டி வரும், ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று எஸ்.ஐ. முடிவு செய்துவிட்டார்.

12.40.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். ஐம்பதை நெருங்குகிற பெண். அதிகம் பேசமாட்டார், ஆனால் பேசுகிறவர்களை விட்டுப் பிடிப்பார். எஸ்.ஐ. சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

“தப்பு பண்ணினவன் மூணு வருஷத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமைய ஏன்யா தானா வந்து ஒத்துக்கிறான்?” என்று மட்டும் கேட்டார்.

“அழுத்தம் மேடம். செத்தவரைப் பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மணி பார்த்து எழுதறான், தராசு அறைக்குள்ள போய் அஞ்சு நிமிஷம் கதவைச் சாத்திக்கிறான்.”

“என் பையனும் இப்படித்தான். ஏதாவது கேட்டா ரெண்டு நாள் கழிச்சு பதில் வரும். ஆனா சரியா இருக்கும். நாலு மணி வரைக்கும் எனக்கு டைம் குடுங்க.”

பெரியவரின் அறையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இடத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று. மேஜையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி. உள்ளே வெளிர்மஞ்சள் தூள், மூடியில் முத்திரை பிரிக்கப்படாமல் இருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தின தேதி ஒட்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே ஊமைக்கோட்டானிடம் போனார்.

“இது என்ன?”

“கிருமி வளர்க்கிற தூள். தண்ணியில கரைச்சுத் தட்டுல ஊத்தினாக் கிருமி முளைக்கும்.”

“ஒரு ஜாடி எத்தனை நாளைக்கு வரும்?”

“ஒரு மாசம்.”

“அப்ப எட்டு மாசமா இது பிரிக்காம இருந்தா?”

ஊமைக்கோட்டான் ஜாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “அதுக்குக் காரணம் பல இருக்கலாம்” என்றார் கடைசியில். நோட்டைச் சட்டென்று மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார்.

1.15.

ரேடியோவுக்குக் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. உட்கார்ந்த நாற்காலி முனகியது.

“மேடம், அவன் பாவம், வாயில்லாப் பூச்சி. அடுத்தவன் வம்புக்கே போகமாட்டான். எனக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி. இந்த ஆபீசுல அவன்கிட்ட பேசற ஒரே ஆள் நான்தான். ஆனா ஒண்ணு சொல்லணும், மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல? அவன் அழுத்தக்காரன். உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு பதினோரு வருஷமாப் பழகற எனக்கே தெரியாது.”

“காலையில டீ வர்ற வரைக்கும் நீங்க எங்க இருந்தீங்க?”

“என் அறையிலதான். தட்டுகளை எண்ணிக்கிட்டிருந்தேன். நான் எங்க இருக்கேன்னு யாரும் தேடவே வேணாம் மேடம், என் சத்தமே காட்டிக்குடுத்துடும்” என்று சொல்லி, பழக்கதோஷத்தில் சிரிக்கப் போய், நிறுத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

1.40.

துப்புரவு அம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

“பத்தரைக்கு டீ போட்டேங்க. பத்தே முக்காலுக்கு அவரோட பிளாஸ்க்குல ஊத்தி அவர் மேஜையில வச்சேன். நடுவுல ரேடியோ சாரும் அடுப்பங்கரைக்கு வந்தாரு, ஊமை சாரும் வந்தாரு. தினம் வர்றதுதானே? நான் என்ன கண்டேன்?”

“காலையில வித்தியாசமா எதுவும் பார்த்தீங்களா?”

“ஒண்ணுமில்லீங்க. பத்து பத்துக்கு மேல வாசல் பக்கத்து நடைபாதை துடைச்சேன், அங்கேருந்து உள் அறைங்க தெரியாது. கொஞ்ச நேரம் ஒரே அமைதி. தலைவலி கூட விட்டுச்சு. இந்த ஆபீசுல அப்படி ஒரு அமைதி கெடைக்குமா?”

“பெரியவர் எப்படி இருந்தார் இந்தக் கொஞ்ச நாளா?”

“மேட்டுத்தெருவுல வாந்தி பேதி வந்து ஒரு கொழந்தை போச்சே, அதுலேருந்து அவருக்கு மனசே சரியில்லீங்க. ‘நம்ம ரிப்போர்ட்ல தண்ணி சுத்தம்னு இருக்கேம்மா, அப்புறம் எப்படி?’ன்னு என்கிட்டயே கேட்டாரு. எனக்கு என்ன தெரியும் சொல்லுங்க.”

2.10.

நடைபாதைப் பெஞ்சில் ஊமைக்கோட்டானின் மனைவி உட்கார்ந்திருந்தார். அழுது முடித்தவர் மாதிரியும் இருந்தார், இன்னும் தொடங்காதவர் மாதிரியும் இருந்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“கல்யாணமாகி எத்தனை வருஷம்மா?”

“ஒம்பது. பேசின வார்த்தைய விரல் விட்டு எண்ணிடலாம் மேடம். எங்கப்பா தவறினப்பக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் என்ன கல்லுடி உனக்கு வாய்ச்சதுன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்ன சொல்றது? அந்த வாரம் முழுக்க எங்கம்மா வீட்ல இருந்த அத்தனை கதவுக்கும் எண்ணெய் போட்டுக்கிட்டிருந்தாரு. ஏன்னு கேட்டேன். அம்மா இப்பத்தான் கொஞ்சம் தூங்கறாங்க, கதவு சத்தத்துல முழிச்சுக்கிறாங்கன்னாரு. அது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.”

“அவர் இதைச் செஞ்சிருப்பாருன்னு நெனைக்கிறீங்களா?”

“தெரியலையே மேடம். இல்லைன்னு அடிச்சுச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது. அவர் மனசு எனக்குத் தெரியும்னு எதை வச்சுச் சொல்லுவேன்? கட்டினவளுக்கே தெரியலைன்னா ஊரு எப்படி நம்பும்? எனக்கு அதுதான் தாங்கலை.”

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார். பிறகு, “வீட்டுக்கு யாரெல்லாம் வருவாங்க?” என்றார்.

“யார் வருவா? ரேடியோ அண்ணன் மட்டும்தான். அவர் வந்தாத்தான் வீடு வீடா இருக்கும். போன ஞாயித்துக்கிழமை கூட வந்தாரு. இவரோட ஸ்கூட்டர் வழிய மறிச்சு நிக்குதுன்னு ஆணியில தொங்கின சாவிக்கொத்தை அவரே எடுத்துக்கிட்டுப் போனாரு. அப்படியே கடைத்தெரு வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டு, அரை மணி கழிச்சுப் பாப்பாவுக்கு பிஸ்கட்டோட வந்தாரு.”

2.45.

தராசு அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஊமைக்கோட்டானின் கையெழுத்து: ‘தராசைத் தொட வேண்டாம். சோதனை நடக்கிறது.’

சின்ன அறை. மரப்பலகைத் தரை. சுவரோரம் கல்மேஜை, அதன் மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. தட்டில் ஒரு எடைக்கல். மேஜைக்கும் மூலைக்கும் நடுவில் அந்த இரும்பு அலமாரி. அலமாரிக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். ரெண்டாவது ஆள் நுழைய முடியாது.

இன்ஸ்பெக்டர் ஊமைக்கோட்டானை அழைத்துவரச் சொன்னார்.

“என்ன சோதனை இது?”

அதுவரை ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதருக்குத் திடீரென்று வாய் திறந்துகொண்டது. வேலையைப் பற்றிக் கேட்டால் அவர் வேறு ஆள்.

“இது ஒரு கிராமைப் பத்தாயிரம் கூறு போட்டா அதுல ஒரு கூறு வரைக்கும் காட்டும். ஆனா இந்தத் தரை பலகை. கீழ வெத்து இடம். இந்த அலமாரி முன்னாடி யாராவது நின்னா பலகை வளையும், மேஜை துளி சாயும், எண்ணு மாறும். கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். தரைய மாத்துங்கன்னு மூணு வருஷமாக் கேக்கிறேன். பெரியவர் அடுத்த வருஷம் பார்க்கலாம்னார். நேத்தும் அதான் சொன்னார். அதான் நிரூபிச்சுக் காட்டலாம்னு இன்னிக்கு ஒம்பது மணிக்குக் கல்லை வச்சு விட்டேன். பத்து விநாடிக்கு ஒரு தடவை அதுவா குறிச்சு வச்சுக்கும். மூணு மணி நேரம் யாரும் வரக் கூடாது. அப்புறம் பெரியவரை வந்து நிக்கச் சொல்லி, ரெண்டையும் காட்டலாம்னு.”

“அப்ப ‘நீங்க இருக்கிற வரைக்கும் இது மாறாது’ன்னு சொன்னது?”

“இந்தத் தரைய.”

வாசலில் நின்ற எஸ்.ஐ. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இன்னிக்குக் காலையில இந்தப் பலகை மேல யாராவது நின்னாங்களா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஊமைக்கோட்டான் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“நின்னாங்க. பத்து பதினெட்டுலேருந்து பத்து இருபது வரைக்கும்.”

“யாரு?”

“எண்ணுதான் தெரியும். ஏழு கூறு. ஆள் தெரியாது.”

“ஏன் இதை எஸ்.ஐ.கிட்ட சொல்லலை?”

“ஒரு தடவை வந்த எண்ணை வச்சு எதையும் சொல்லக் கூடாது. வேற காரணம் இருக்கும். தேடிக்கிட்டிருக்கேன்.” அவர் கை நோட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

“அந்த நோட்டைக் குடுங்க.”

“இன்னும் முடியலை” என்றார் அவர், கெஞ்சுகிற குரலில். ஆனால் கொடுத்துவிட்டார்.

3.20.

எல்லாரையும் தராசு அறை வாசலுக்கு வரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ரேடியோவின் அறைக்கு ஒரு போலீஸ்காரரை அனுப்பிவிட்டுத்தான் சொன்னார். மனைவி கொஞ்சம் தள்ளிச் சுவரோரம் நின்றார்.

“ஒவ்வொருத்தரா அந்த அலமாரி முன்னாடி போய் நின்னுட்டு வாங்க. எதையும் தொட வேணாம். எஸ்.ஐ., நீங்க வாசல்ல நின்னே எண்ணைப் படிங்க.”

துப்புரவு அம்மாள் பயந்து பயந்து ஏறி நின்றார். மூன்று கூறு. இன்ஸ்பெக்டரே போய் நின்றார், ஐந்து. “எழுபது கிலோ, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்றார். எஸ்.ஐ.க்கும் ஐந்துதான். ஊமைக்கோட்டான் நின்றார். நாலு. இறங்கினார். மறுபடி நிற்கச் சொன்னார்கள். மறுபடி நாலு.

“பெரியவருக்கு எவ்வளவு?”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி அளந்தது. நாலு” என்றார் ஊமைக்கோட்டான்.

“சரி, சார், நீங்க வாங்க.”

ரேடியோ சிரித்தார். “என்ன மேடம் இது, என்னை ஏத்தி நிறுத்தினா இந்த நோஞ்சான் தராசு உடைஞ்சுடப் போகுது.” யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ பலகையில் கால் வைத்தார்.

எஸ்.ஐ. எண்ணை ரெண்டு தடவை குனிந்து பார்த்தார்.

“ஏழு மேடம்.”

முதலில் பேசியது எஸ்.ஐ.தான்; அவரும் ஒன்றும் மடையர் இல்லை. “மேடம், நாலும் மூணும் கூட ஏழுதான். இவரும் அந்தம்மாவும் சேர்ந்து வந்திருந்தா?”

“நல்ல கேள்வி. அங்க ரெண்டு பேர் நிக்க இடம் இல்லை. அப்படியே இருந்தாலும் ரெண்டு பேர்னா எண்ணு ரெண்டு படியா ஏறும். காலையில ஒரே படியா ஏறி, ஒரே படியா இறங்கியிருக்கு. அந்தம்மா அப்ப நடைபாதை துடைச்சுக்கிட்டிருந்தாங்க. துடைக்கும்போது ஆபீஸ் அமைதியா இருந்துச்சுன்னாங்க. தலைவலியே விட்டுச்சாம். சார், உங்க சத்தமே உங்களைக் காட்டிக்குடுத்துடும்னு சொன்னீங்க. பத்து பதினெட்டுக்கு அந்தச் சத்தம் எங்க போச்சு?”

“ஒரு பலகை வளைஞ்சதுக்கு நான் கொலைகாரனா?” ரேடியோவின் குரல் உடைந்தது. “அலமாரிச் சாவி என்கிட்ட ஏது?”

“போன ஞாயித்துக்கிழமை வந்தது. ஸ்கூட்டரை நகத்தறேன்னு எடுத்துக்கிட்டுப் போன கொத்துல அரை மணி நேரத்துல ஒரு சாவிக்கு நகல் வெட்டிட்டீங்க. காரணமும் சொல்றேன். பெரியவர் மேஜையில அந்தத் தூள் ஜாடி இருந்துச்சு. மாசம் ஒண்ணு காலியாக வேண்டிய ஜாடி எட்டு மாசமாப் பிரிக்கலை. தட்டே போடாம எண்ணினீங்களா சார்? மேட்டுத்தெருத் தண்ணி சுத்தம்னு எழுதினது யாரு?”

அனுப்பிய போலீஸ்காரர் அந்நேரம் திரும்பி வந்தார். கிருமி அறையில் இன்னொரு ஜாடியின் தூளுக்குள் புதைத்து வைத்திருந்த புதுச் சாவி அவர் கையில் இருந்தது. அலமாரிப் பூட்டில் போட்டதும் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார்.

“இவர் பதினொண்ணரைக்கே உள்ள வந்து எண்ணைப் பார்த்துட்டார். ஏழு யாருன்னு இவருக்கு அப்பவே தெரியும். ஏன்னா உங்க எல்லாரையும் இவர் எப்பவோ அளந்து வச்சிருக்கார். ஆனா சொல்லலை. மூணு மணி நேரமா இதை எழுதிக்கிட்டிருந்தார். கேளுங்க. ‘ஏழு கூறுக்கு வேறு காரணங்கள்’. தெருவுல லாரி போச்சா? அடிச்சிருக்கார். லாரின்னா ரெண்டு நிமிஷம் நிக்காது. வெயில் ஏறினதாலயா? அடிச்சிருக்கார். மெலிஞ்ச ஆள் ஒருத்தர் நாப்பது கிலோ மூட்டையோட நின்னாரா? அடிச்சிருக்கார். தராசே பழுதா? மூணு தடவை சரிபார்த்து அடிச்சிருக்கார். இப்படியே பன்னெண்டு. பதிமூணாவது.” இன்ஸ்பெக்டர் கொஞ்சம் நிறுத்தினார். “‘நானே செய்துவிட்டு மறந்துவிட்டேனா? என் எடை அளக்கும்போது தவறு நேர்ந்திருக்கலாம்.’ இதை மட்டும் இன்னும் அடிக்கலை.”

ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

“டேய் தம்பி” என்றார். “டேய், ஏன்டா?”

அதன் பிறகு அவரைத் தடுக்க முடியவில்லை. எப்போதும் கிருமி இல்லை என்றுதான் வருகிறது என்று ஒரு நாள் தட்டுப் போடாமல் விட்டாராம். பேசிப் பேசியே பொழுது போய்விடும், மதியம் ரிப்போர்ட் கேட்பார்கள், எழுதிக் கொடுத்துவிடுவார். அதுவே பழகிவிட்டது. மேட்டுத்தெருக் குழந்தை செத்த பிறகு பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். பத்து நாள் கெடு கொடுத்தார். நீயே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடு, இல்லையென்றால் நான் எழுதுகிறேன் என்றார். கெடு இன்று பகல் பன்னிரண்டு.

“அடுத்த வருஷம் என் பொண்ணுக்குக் கல்யாணம் மேடம். அப்பன் ஜெயிலுக்குப் போனா அவளை யார் கட்டுவா? பெரியவர் போயிட்டா எல்லாம் அமுங்கிடும்னு நெனச்சேன்.”

“பழி இவர் மேல விழும்னு தெரியாதா?”

“தெரியும்.” ரேடியோ தலையைக் குனிந்துகொண்டார். “அவன் எதுவும் பேசமாட்டான்னும் தெரியும்.”

ஊமைக்கோட்டான் இவ்வளவு நேரமும் சுவரோடு சுவராக நின்றிருந்தார். மனைவி அவர் பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியலைன்னு சொல்லிட்டேங்க. என்கிட்ட கேட்டாங்க. தெரியலைன்னுட்டேன்” என்று சொல்லி அழுதார்.

“அது சரிதானே” என்றார் அவர். “நான் உன்கிட்ட எதையும் சொன்னதில்லையே. தெரியாததைத் தெரியும்னு சொன்னாத்தான் தப்பு.” அவர் கண்ணும் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. “பெரியவர் நல்லவர். தரை விஷயத்துல மட்டும்தான் தப்பு.”

4.00.

வண்டி வரக் கால் மணி தாமதம் என்று தகவல் வந்தது. ரேடியோவை நடைபாதைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஊமைக்கோட்டான் இன்ஸ்பெக்டரிடம் வந்து நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் தவித்துவிட்டுக் கேட்டார்.

“மேடம், அங்க தனி அறையா?”

“எங்க?”

“அவரைக் கொண்டுபோற இடத்துல. பக்கத்துல பேச யாராவது இருப்பாங்களா? அவரால பேசாம இருக்க முடியாது.”

இருபத்தைந்து வருஷ வேலையில் எத்தனையோ கேள்விகளுக்கு அசராமல் பதில் சொன்ன அம்மா, இதைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “முதல்ல கொஞ்ச நாள் தனியாத்தான் வைப்பாங்க” என்றார் கடைசியில்.

ஊமைக்கோட்டான் தலையாட்டினார். மெதுவாக நடந்து போய் அந்தப் பெஞ்சில், ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரேடியோ நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நீங்க செஞ்சது பெரிய பாவம்ணே” என்றார் ஊமைக்கோட்டான். “என்னால மன்னிக்க முடியாது. மேட்டுத்தெருக் குழந்தைக்கு வயசு நாலு.”

ரேடியோ முழங்காலுக்கு நடுவில் கைகளைக் கோத்துக்கொண்டார். ஊமைக்கோட்டான் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். தன் பெண் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு டீச்சரோடு சண்டைக்குப் போனதைச் சொன்னார். ஸ்கூட்டர் காலையில் ஏன் கிளம்புவதில்லை என்பதைச் சொன்னார். தடுமாறினார், நடுவில் வார்த்தை கிடைக்காமல் நின்றார், மறுபடி தொடங்கினார். மனைவி சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவற்றில் பாதி அவருக்கே புதுச் செய்தி. வண்டி வந்து நிற்கிற வரைக்கும், அந்தக் கால் மணி நேரமும், ஊமைக்கோட்டான் நிறுத்தவே இல்லை.